ஓநாய் முத்திரை

வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியை ஒட்டி நிற்கும் தேவாலயத்தின் சுவர் தடிப்பைப் பார்த்தாலே, அதைக் கட்டியவர்கள் நெடுநாள் தங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் என்பது விளங்கும். போர்த்துக்கேயர் தொடக்கிவைத்த வழிபாட்டிடத்தை ஒல்லாந்தர் தங்கள் மதத்துக்கேற்ப மாற்றினார்கள். பின்னர் பாழடைந்து கிடந்ததை, 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் திருத்தி எடுத்தார்கள். ஒரே வளவுக்குள் மூன்று காலங்கள் கல்லாக நிற்கின்றன. அந்தக் கல்லுக்குக் காவலாக வந்த இரும்பு மட்டும் எங்கே போயிற்று என்று யாரும் அதிகம் கேட்பதில்லை.

வந்த இரும்பு கொஞ்சமல்ல. 1619இல் பிலிப்பே டி ஒலிவேறா யாழ்ப்பாண அரசைப் பிடித்து இரண்டாம் சங்கிலியனைச் சிறைப்படுத்தியபோது, ஒலிவேறாவின் படையாட்களின் இடுப்பில் ஐரோப்பிய வாள்கள் தொங்கின. 1658 யூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியபோது இன்னொரு தொகுதி வாள்கள் வந்தன. அந்தப் படையோடு வந்த பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் 1672இல் அச்சிட்ட பெரிய நூலில் வட்டுக்கோட்டையும் இடம்பெறுகிறது. கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் கவனமாக எழுதிவைத்தவர் அவர். உடன் வந்த சிப்பாய்களின் வாளை எழுதிவைக்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அது எல்லாரிடமும் இருந்த பொருள்.

அப்படி ஒரு வாள் இன்று கையில் கிடைத்தால் அதை வாசிப்பது எப்படி? வாளில் இரண்டு வகை எழுத்துகள் உண்டு. ஒன்று மனிதன் வேண்டுமென்றே பொறித்தது: முத்திரை, பெயர், உருவம், எண். மற்றது, நெருப்பும் தண்ணீரும் சம்மட்டியும் உலோகத்துக்குள் விட்டுச்சென்றது. முதலாவது பல வேளைகளில் பொய் சொல்லும். இரண்டாவதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் முதலாவதின் பொய்யையும் தூக்கி எறிந்துவிடக்கூடாது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவிரும்புவது. ஒரு பட்டறை எந்தப் பெயரைத் திருடியது என்பது, அந்தக் காலத்துச் சந்தை எதற்கு ஏங்கியது என்பதைச் சொல்லிவிடும்.

எளிதான முத்திரையிலிருந்து தொடங்குவோம். ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் தொடங்கி 1799இல் முடிந்துபோனது. அதன் அடையாளம், பெரிய வி எழுத்தின் இரு கைகளிலும் ஓவும் சியும் கோத்த கூட்டெழுத்து. யாழ்ப்பாணத்து மண்ணில் இன்றும் அகப்படும் ஒல்லாந்தச் செம்புத் துட்டுகளில் இருப்பது அதே கூட்டெழுத்துத்தான். கம்பனியின் வாள் அலகுகளில் அதற்கு மேலே இன்னொரு எழுத்தும் வருவதுண்டு. கம்பனிக்கு ஒல்லாந்தில் ஆறு கிளைச் சபைகள் இருந்தன. ஏ என்றால் அம்ஸ்டர்டாம், டி என்றால் டெல்ஃப்ட், எச் என்றால் ஹோர்ன். எந்தச் சபை காசு கொடுத்து வாங்கியது என்பதை அந்த எழுத்துக் காட்டும். சில அலகுகளில் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். வாங்கியவர் யார், எப்போது வாங்கினார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும். செய்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் விடை இராது. ஒல்லாந்தில் விற்பனையான அலகுகளில் பெரும்பகுதி ஒல்லாந்தில் அடிக்கப்பட்டதே அல்ல.

அவை வந்தது ஜேர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து. வுப்பர் ஆற்றங்கரையில், காடும் நீரோட்டமும் உள்ள மலைப்பாங்கான இடம் அது. கரிக்கு மரம் கிடைத்தது. சாணைக்கல்லைச் சுற்ற ஆறு இருந்தது. கிட்டிய சீகர்லாந்துப் பகுதியில் மங்கனீசு கலந்த நல்ல இரும்புத்தாது கிடைத்தது. வாள் அங்கே ஒருவர் கைவேலையாக இருக்கவில்லை. அலகை அடிப்பவர் ஒருவர், தோய்ச்சல் போட்டுச் சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி பூட்டி முடிப்பவர் வேறொருவர். சாணைக்காரருக்கு 1401இலும், முடிப்பவருக்கு 1412இலும், அடிப்பவருக்கு 1472இலும் தனித்தனியே சங்க உரிமை கிடைத்தது. ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கக் கூடாது. இந்தப் பிரிவினையும் ஆற்றின் வலுவும் சேர்ந்துதான் சோலிங்கன் அலகு ஆயிரக்கணக்கில், ஏறக்குறைய ஒரே தரத்தில் வெளிவந்தது.

அந்த அலகுகளில் அதிகம் காணப்படும் உருவம் ஓடும் ஓநாய். முதன்முறை பார்ப்பவர் அதை ஓநாய் என்று கண்டுகொள்ளமாட்டார். உளியால் விரைவாக வெட்டிய சில கோடுகள்தான் அது: முதுகுக்கு ஒன்று, கால்களுக்கு நாலைந்து, வாலுக்கு ஒன்று, வாய்க்கு ஒரு பிளவு. வெட்டிய பள்ளத்தில் பித்தளைக் கம்பியை வைத்து அடித்து இறுக்கி, மேற்பரப்போடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள். சாம்பல் நிற உருக்கில் மஞ்சள் கோடு பளிச்சென்று தெரியும். பித்தளை உதிர்ந்துபோன வாள்களிலும் உளித்தடம் எஞ்சியிருக்கும். விரல் நுனியால் தடவினால் ஓரம் தட்டுப்படும்.

ஓநாய் முதலில் சோலிங்கனுடையதல்ல. தென்கிழக்கே, தன்யூப் நதிக்கரைப் பாசவ் நகரத்துக் கொல்லரின் அடையாளம் அது. பாசவ் வாள் தோற்காது என்ற நம்பிக்கை பரவியிருந்தது. 17ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிப்பாய், காயம் படாமல் காக்கும் என்று மந்திரம் எழுதிய தாள்களை உடலில் வைத்துக்கொண்டு போருக்குப் போனான். அந்த மந்திரத்துக்கே பாசவ் கலை என்று பெயர். இவ்வளவு மதிப்புள்ள விலங்கைச் சோலிங்கன் கொல்லர் விட்டுவைப்பார்களா? எடுத்துக்கொண்டார்கள். 1687இல் சோலிங்கன் கொல்லர் சிலர் இங்கிலாந்தின் வடக்கே ஷொட்லி பிரிட்ஜில் குடியேறியபோது ஓநாயும் அவர்களோடு கடல் கடந்தது. ஆகவே ஓநாயைக் கண்டதும் ஊரைச் சொல்லிவிட முடியாது.

பெயர்களின் கதை இன்னும் மோசம். இத்தாலியின் பெல்லூனோவில் 16ஆம் நூற்றாண்டில் அந்திரேயா பெறாறா என்ற வாள் கொல்லர் உண்மையாகவே வாழ்ந்தார். அவர் காலமான பிறகும் நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அவருடைய பெயர் பொறித்த அலகுகள் வந்துகொண்டே இருந்தன. ஸ்கொட்லாந்து மலைநாட்டார் அந்தப் பெயர் இல்லாத வாளை மதிக்கவில்லை. சோலிங்கன் பட்டறைகள் அதைப் பொறித்துக் கொடுத்தன. ஒரு ர குறையும், ஒன்று கூடும், எழுத்து இடம் மாறும். ஸ்பெயினின் தொலேதோ கொல்லர் பெயர்களுக்கும் இதே கதி நேர்ந்தது. சில அலகுகளில் 1414 என்ற எண் இருக்கும். அதை ஆண்டு என்று எண்ணி 600 வருடப் பழைய வாள் என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அது ஆண்டல்ல. ராசியான எண் என்று கருதி 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது.

எழுத்துப் பிழைக்கும் உலோகத் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை வட ஐரோப்பாவில் உல்ஃபெர்ட் என்ற பெயர் பொறித்த வாள்கள் புழங்கின. ஏறத்தாழ 170 கிடைத்திருக்கின்றன. பெயருக்கு முன்னும் பின்னும் சிலுவைக் குறி வரும். லண்டன் வாலஸ் தொகுப்போடு இணைந்து பணியாற்றிய உலோகவியலாளர் அலன் வில்லியம்ஸ் அவற்றில் பலவற்றை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தார். இரண்டாவது சிலுவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் சரியாக அமைந்த வாள்களில்தான் கரி மிகுந்த சிறந்த உருக்கு அதிகம் காணப்பட்டது. சிலுவை இடம்மாறிய, எழுத்துத் தவறிய வாள்கள் பெரும்பாலும் சாதாரண இரும்பு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே போலிப் பெயர்த் தொழில் இருந்திருக்கிறது. வாங்கியவனுக்கு வாசிக்கத் தெரியாது என்ற நம்பிக்கையில் அது நடந்திருக்கிறது.

இனி இரும்புக்குள் போவோம்.

தூய இரும்பு 1538 பாகை செல்சியஸில்தான் உருகும். ஐரோப்பியக் கொல்லரின் பழைய உலை அந்த வெப்பத்தை எட்டவில்லை. தாதுவிலிருந்து ஒட்சிசன் பிரிந்து, உருகாத இரும்பு பஞ்சுபோல ஒரு கட்டியாகத் திரளும். அதன் துளைகளுக்குள் கிட்டம் எனும் உலைக்கழிவு நிறைந்திருக்கும். பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்க அடிக்கக் கிட்டம் வெளியேறும், முழுவதும் போகாது. கட்டியில் ஓரிடம் கரி மிகுந்தும் இன்னோரிடம் குறைந்தும் இருக்கும் என்பதால், மடித்து மடித்து அடித்து அதைச் சமப்படுத்துவார்கள். எஞ்சிய கிட்டம் அலகின் நீளத்துக்கு மெல்லிய இழைகளாக நீண்டுவிடும். வெட்டிய துண்டை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அந்த இழைகள் கருங்கோடுகளாகத் தெரியும். இந்தக் கோடு பட்டறையின் கையெழுத்து. எந்த உளியாலும் இதைப் போலியாகப் பொறிக்க முடியாது.

வாளின் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. உருக்கை 727 பாகைக்கு மேலே காய்ச்சும்போது அதன் அணு அடுக்கு மாறி, கரி இரும்புக்குள் கரைந்துகொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் கரி மறுபடி பிரிந்துவிடும். சட்டென்று தண்ணீரில் அமிழ்த்தினால் பிரிய நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொண்டு அடுக்கை இறுக்கும். அப்போது அலகு கண்ணாடியை ஒத்த கடினம் பெறும். கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். ஆகவே இளஞ்சூட்டில் மறுபடி காய்ச்சவேண்டும். இங்கே கொல்லனுக்கு வெப்பமானி அலகின் நிறம்தான். சுத்தமாகத் தேய்த்த உருக்கின் மேல் 220 பாகையளவில் வைக்கோல் மஞ்சள் படரும். பிறகு கபிலம், ஊதா. 300ஐ நெருங்கும்போது நீலம். மேற்பரப்பில் உருவாகும் ஒட்சைட்டுப் படலம் தடிக்கத் தடிக்க, அதில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் இந்த நிறங்களைக் காட்டுகின்றன. சவரக் கத்திக்கு மஞ்சளில் நிறுத்துவார்கள். வளைந்து நிமிரவேண்டிய வாளுக்கு நீலம் வரை போவார்கள். கண் இமைக்கும் நேரம் பிந்தினால் அலகு மெத்தென்று போய்விடும். எழுத்தறியாத ஒருவன் புகைமண்டிய கொட்டிலில் நின்று இந்த நிறத்தைப் பிடித்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அலகின் நடுவே ஓடும் பள்ளத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இரத்தம் வடிவதற்காக வெட்டியது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மடிந்த பனையோலை விறைத்து நிற்பதற்கு என்ன காரணமோ அதுவே இங்கும் காரணம்: குறைந்த பொருளில் கூடிய விறைப்பு. பள்ளம் எடை குறைக்கும், வளைவைத் தாங்கும். அது எத்தனை வரி, எவ்வளவு நீளம் என்பது முத்திரை அழிந்துபோன வாள்களின் காலத்தைக் கணிக்கவும் உதவும்.

இப்போது நம் பக்கத்து உலைக்கு வருவோம். இலங்கையின் தெற்கே பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவெவ மலைச்சரிவுகளில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கிய இரும்புலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் கண்டெடுத்தார். அவை மேற்கு நோக்கிய உச்சிகளில் வரிசையாக அமைந்திருந்தன. துருத்தியே கிடையாது. ஆண்டின் நடுப்பகுதியில் ஓயாது வீசும் காற்று உலையின் முன்சுவரில் மோதி, உச்சியைத் தாண்டும்போது உண்டாகும் அழுத்த வேறுபாடே காற்றை உள்ளிழுத்தது. அப்படி ஓர் உலையை மறுபடி கட்டி உருக்கிக் காட்டிய பின், 1996இல் 'நேச்சர்' இதழில் அவர் அதை எழுதினார். யாழ்ப்பாணத்தில் நம்மவர் சோழகம் என்று சொல்லும் தென்மேல் காற்றின் வேலை அது.

அதே நிலத்திலும் சேலம் பகுதியிலும் மூசை உருக்கும் செய்தார்கள். சிறிய களிமண் மூசைக்குள் இரும்புத் துண்டுகளையும் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, பல மணி நேரம் ஊதுவார்கள். மரத்தின் கரி இரும்புக்குள் ஏறும். கரி ஏற ஏற உருகுநிலை இறங்கும். 1.5 விழுக்காடு ஏறினால் 1400 பாகையைச் சற்றுத் தாண்டியதுமே எல்லாம் திரவமாகிவிடும். திரவமானதும் கிட்டம் மேலே மிதந்து பிரிந்துவிடும். ஐரோப்பிய வாளை உடனே காட்டிக்கொடுக்கும் அந்தக் கருங்கோடுகள் மூசை உருக்கில் இருப்பதில்லை. மெதுவாக ஆறும்போது கரி மிகுந்த பாகம் அடுக்கடுக்காகப் பிரிந்து, அடித்து முடித்த அலகில் நீரலை போன்ற கோலம் விழும். இந்த உருக்கை ஆராய்வதற்காகவே 1819இல் இளம் மைக்கேல் ஃபரடே லண்டனில் உலையின் முன் நின்றார். தந்தைவழியில் யாழ்ப்பாண வேர் கொண்ட ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளிவந்த தன் பெருநூலில் சிங்களக் கொல்லர் உருக்குச் செய்த முறையைப் பதிவுசெய்தார். அவர் பார்த்தபோது அந்தத் தொழில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

இவ்வளவு நல்ல உருக்கு உள்ள நாட்டுக்கு ஐரோப்பிய அலகு ஏன் தேவைப்பட்டது? தரத்தில் நாம் தாழ்ந்ததாலல்ல. மூசைக் கட்டி கையடக்கமானது; ஒரு நீண்ட நேர் வாளுக்கு அது போதாமல் போகும். கரி மிகுந்த உருக்கை அடிக்கக்கூடிய வெப்ப எல்லையும் குறுகியது. சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வெடிக்கும். சோலிங்கன் அலகோ நீளமானது, வளைந்து நிமிர்வது, கப்பல் நிறைய வருவது. எண்ணிக்கைதான் வென்றது என்பது என் முடிவு.

இரண்டு மரபும் ஒரே பொருளில் சந்தித்த இடத்தை இலங்கையிலேயே காணலாம். கஸ்தானை எனப்படும் குட்டை வாளின் பிடி முழுவதும் உள்ளூர்க் கைவேலை. சிங்க முகக் குமிழ், மகர முகம் கொண்ட காப்பு, சில வாள்களில் வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும். முதலியார்மார் இடுப்பில் பதவியின் அடையாளமாகத் தொங்கியது. அருங்காட்சியகங்களில் இருக்கும் பல கஸ்தானைகளின் அலகைப் பார்த்தால், அது ஐரோப்பாவில் அடித்தது. சிலவற்றில் ஒல்லாந்தக் கம்பனியின் கூட்டெழுத்தே தெளிவாக இருக்கிறது. 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையிட்ட ஆறு பொருள்களை அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திருப்பித் தந்தது. பொன் கஸ்தானை ஒன்றும் வெள்ளிக் கஸ்தானை ஒன்றும் அவற்றில் அடங்கும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தஞ்சாவூரிலும் இதே கலப்பு நடந்தது. அரண்மனை ஆயுதசாலையின் கட்டாரிகளில், ஐரோப்பிய வாளின் அலகை வெட்டியெடுத்துத் தமிழ்நாட்டுப் பிடியில் தறையாணி அடித்துப் பூட்டியவை பல. பிடியில் யாளியும் கிளியும். அலகில் சோலிங்கன் பள்ளம். அரை நிலா வடிவில் பல் வெட்டிய ஐரோப்பிய முத்திரையை இந்தியக் கொல்லரும் தங்கள் அலகில் அடித்துக்கொண்டார்கள். ஸ்கொட்லாந்தில் பெறாறா பெயருக்கு இருந்த மயக்கம் இங்கே அந்த நிலாவுக்கு இருந்திருக்கிறது. கடைசி அரசர் 1855இல் இறந்த பிறகு, அந்தக் குவியலில் நல்லவை என்று கண்டவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு, மீதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். அழகில்லை என்று ஒதுக்கிய அந்த அலகுகளில் எத்தனை மூசை உருக்கு, எத்தனை சோலிங்கன் என்று இனி எண்ணவே முடியாது. எனக்கு இது யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்குக் குறைந்த இழப்பாகத் தோன்றவில்லை.

முன்பெல்லாம் இரும்பை வாசிக்க அலகில் ஒரு சிறு துண்டை வெட்டவேண்டியிருந்தது. இன்று நியூத்திரன் கற்றையை வாளின் ஊடே செலுத்தி, வெட்டாமலே கரியின் அளவையும் கிட்டத்தையும் தோய்ச்சலின் ஆழத்தையும் அறிகிறார்கள். இத்தாலிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் இந்திய வாள்களையே இப்படிச் சோதித்திருக்கிறார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் வாலில் கொல்லன் அடித்த குறியை எக்ஸ்றே காட்டிவிடும்.

அதற்கு முன் அந்த வாள் தப்பிப் பிழைக்கவேண்டும். வட்டுக்கோட்டை, அராலி, காரைநகர்ப் பக்கத்துக் காற்றில் உப்பு உண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு துருவுக்கு அடியில் புகுந்து, ஈரம் வரும்போதெல்லாம் புதிதாக அரிக்கும். பழைய வீடுகளில் இதைவிடப் பெரிய ஆபத்து நம் கைதான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் செங்கல்தூளும் போட்டுத் தேய்ப்போம். புளியிலுள்ள அமிலம் துருவோடு உருக்கையும் கரைக்கும். அமிலத்தால் பொறித்த எழுத்து ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்கு ஆழம்தான். ஒரு வெள்ளிக்கிழமைத் துலக்கலில் போய்விடும். கிடைத்த வாளை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டி, உறை தோலாக இருந்தால் அதிலிருந்து வெளியே எடுத்து, ஈரமில்லாத இடத்தில் வைக்கவேண்டும். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். பிடியைக் கழற்றவே கூடாது. இருட்டறையில் கைவிளக்கை அலகோடு கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து, சாய்வொளியில் படம் எடுத்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத உளித்தடம் நிழலாக எழும். பக்கத்தில் ஓர் அடிமட்டம் இருக்கட்டும். இலங்கைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருளாகும். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. படத்தோடு தொல்லியல் திணைக்களத்துக்குப் போகும்போது, கிடைத்த வளவு, ஆழம், கூடக் கிடந்த ஓட்டுத்துண்டு, துட்டு எல்லாவற்றையும் குறித்துக் கொண்டுபோங்கள். வாளைத் துடைக்காமல் கொண்டுபோங்கள்.